நடை கன்றுக்குப் போகுமா? ஐஸ்லாந்துக் குதிரை சொல்லும் பாடம்



ஒரு பசு வருஷத்துக்கு ஒரு கன்று போடும். அதுவும் எல்லா வருஷமும் போடாது. ஆனால் ஒரு பூச்சிக்காளை ஒரே வருஷத்தில் சுற்றுவட்டத்துக்கு ஐம்பது, அறுபது கன்றுகளுக்கு அப்பன் ஆகிவிடும். பசுவில் ஒரு குறை இருந்தால் அது ஒரு கட்டுத்தறியோடு நிற்கும். காளையில் ஒரு குறை இருந்தால் அது ஊர் முழுக்கப் பரவும். அது மட்டுமல்ல. கால் கோணலும் நடைத் தளர்வும் கன்றுப் பருவத்தில் சரியாகத் தெரியாது. நுகத்தில் பூட்டி, பாரம் இழுக்கவிட்டால்தான் தெரியும். அதற்குள் மூணு வருஷம் ஓடியிருக்கும். அந்த மூணு வருஷத்தில் அதே காளைக்கு இன்னும் நூறு கன்றுகள் பிறந்திருக்கும்.

காளை பார்க்கப் போகிறவர்கள் சொல்லும் பேச்சைக் கவனித்துப் பாருங்க. "இந்தக் காளை நல்லா இருக்குதுங்க, வாங்கிப் போடலாம்" என்பார்கள். "இந்தக் காளை நல்லா இருக்கு" என்பது ஒரு சேதி. "இந்தக் காளையின் கன்றுகள் நல்லா இருக்கும்" என்பது வேறொரு சேதி. முதலாவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். இரண்டாவதைக் கண்ணால் பார்க்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கணக்கைப் பற்றியதுதான் இந்த மாதப் பாடம்.

மாட்டைப் பற்றிச் சொல்ல வந்தவன் ஏன் குதிரையைப் பிடிக்கிறேன் என்று கேட்பீங்க. காரணம் இருக்கு. மாட்டு இனவிருத்தி அறிவியல் கடந்த எழுபது, எண்பது வருஷமாகப் பெரும்பாலும் பாலைத்தான் அளந்தது. பாலை லிட்டரில் அளந்துவிடலாம். நடையை எதில் அளப்பது? உழவு மாட்டின் காலையும் நடையையும் டிராக்டர் வந்த பிறகு அளப்பார் இல்லை. ஆனால் குதிரைக்கு நடைதான் விலை. அதனால் உடலமைப்பையும் நடையையும் அளந்து, எழுதி, மரபாகப் போவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் முறையைக் குதிரை வளர்ப்பவர்கள் நன்றாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு மிகத் தெளிவாகப் பட்டது ஐஸ்லாந்துக்காரர்கள் செய்வது. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஐந்து நடை உள்ள குதிரை

ஐஸ்லாந்து என்பது வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஒரு தீவு. மக்கள் நாலு லட்சத்துக்கும் குறைவு. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அங்கே குடியேறியவர்கள் கப்பலில் கொண்டுபோன குதிரைகளின் வழிதான் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. வெளியிலிருந்து எந்தக் குதிரையும் உள்ளே வரக்கூடாது. அங்கே பிறந்த குதிரையே ஒருமுறை வெளிநாடு போய்விட்டால் திரும்பி வரக்கூடாது. அப்படி ஒரு கட்டுப்பாடு. சின்ன உருவம், ஏறத்தாழ 140 செ.மீ. உயரம். ஆனால் பெரிய ஆளையே சுமந்து மலையும் ஆறும் தாண்டும்.

இந்தக் குதிரையின் தனிச்சிறப்பு நடை. சாதாரணக் குதிரைக்கு மூணு நடை: நடப்பது, ஓட்டம், பாய்ச்சல். ஓட்டத்தில் முன்வலது காலும் பின்இடது காலும் சேர்ந்து போகும், பிறகு மற்ற இரண்டும் சேர்ந்து போகும். மேலே உட்கார்ந்திருப்பவர் குலுங்குவார். ஐஸ்லாந்துக் குதிரைக்கு இந்த மூன்றோடு இன்னும் இரண்டு உண்டு. ஒன்று 'டோல்ட்'. நடக்கும்போது கால்கள் எந்த வரிசையில் விழுமோ அதே வரிசையில், ஆனால் வேகமாக விழும். எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும். அதனால் குலுக்கல் கிடையாது. குவளை நிறையப் பானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டும் சிந்தாமல் ஓட்டுகிற போட்டியே அங்கே உண்டு. இன்னொன்று 'ஸ்கெய்த்'. இடப்பக்க இரண்டு கால்களும் சேர்ந்து, அப்புறம் வலப்பக்க இரண்டு கால்களும் சேர்ந்து பறக்கும். குறுகிய தூரப் பந்தயத்துக்கு இதுதான்.

எல்லா ஐஸ்லாந்துக் குதிரைக்கும் ஐந்தும் வராது. சிலவற்றுக்கு நாலு, சிலவற்றுக்கு ஐந்து. வளர்ப்பவருக்கு வரும் கேள்வி நம்முடையதேதான்: இந்த நடை குட்டிக்குப் போகுமா? எவ்வளவு போகும்?

'அழகு' என்று ஒரே சொல்லில் சொல்லாதே

அவர்கள் செய்யும் முதல் வேலை, 'நல்ல குதிரை' என்ற ஒரே சொல்லைத் துண்டு துண்டாக உடைப்பது. உடலமைப்பு ஒரு பகுதி, ஏறி ஓட்டும்போது தெரியும் திறன் இன்னொரு பகுதி.

உடலமைப்பில் தலை தனி. கழுத்தும் தோளும் சேர்த்து ஒன்று. முதுகும் பின்தொடைமேடும் ஒன்று. உடம்பின் பொருத்தம், காலின் வலு, காலின் நேர்மை, குளம்பு, பிடரிமயிரும் வாலும் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஓட்டும் திறனில் டோல்ட், மெதுவான டோல்ட், ஓட்டம், ஸ்கெய்த், பாய்ச்சல், நடை என்று ஒவ்வொன்றும் தனி. குதிரையின் ஊக்கமும் பணிவும் தனி. ஓட்டும்போது உடம்பைத் தாங்கும் விதமும் தனி. ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 10 வரை, அரை அரை மதிப்பெண்ணாகப் போடுகிறார்கள். உயரம், நீளம் போன்றவற்றை அளவுகோல் வைத்து அளக்கிறார்கள். கடைசியில் கூட்டும்போது உடலமைப்பைவிட ஓட்டும் திறனுக்கு எடை அதிகம். பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட வேலையில் எப்படி இருக்கிறது என்பது பெரிது என்று பொருள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. திமில் பெருத்து, கொம்பு வளைந்து, மேனி மின்னுகிற காளையைப் பார்த்தால் கண் அதிலேயே நின்றுவிடும். குளம்பு விரிந்திருப்பதும் பின்னங்கால் மூட்டு ஒன்றோடொன்று இடிப்பதும் கண்ணில் படாது. ஒவ்வொரு உறுப்புக்கும் தனியாக மதிப்பெண் போட்டே ஆகவேண்டும் என்றால், கண் தானாகக் குளம்புக்கும் இறங்கும்.

கண்ணில் பட்டதில் மரபு எவ்வளவு?

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு குதிரை நன்றாக நடக்கிறது என்றால் அதற்கு இரண்டு வகைக் காரணம். ஒன்று, பிறப்பிலேயே வந்தது. இரண்டு, தீனி, பழக்கிய ஆள், லாடம், தரை, அன்றைய உடம்பு நிலை, பார்த்தவரின் கண். குட்டிக்குப் போவது முதலாவது மட்டும்தான். இரண்டாவதில் எதுவும் போகாது.

ஒரு மந்தையில் விலங்குக்கு விலங்கு தெரியும் வித்தியாசத்தில் எத்தனை பங்கு மரபால் வந்தது என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள். மரபு விகிதம் என்று வைத்துக்கொள்வோம். குதிரைகளில் உயரம் மாதிரி அளவுகோலில் அளக்கும் பண்புகளுக்கு இது உயர்ந்த பக்கம் இருக்கும். காலின் நேர்மைக்குத் தாழ்ந்த பக்கம். நடைப் பண்புகள் பெரும்பாலும் நடுவில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை.

மந்தையின் சராசரி உயரம் 140 செ.மீ. நீங்கள் தேர்ந்தெடுத்த ஆண் குதிரை 148 செ.மீ. சராசரியைவிட 8 செ.மீ. கூடுதல். உயரத்தின் மரபு விகிதம் 0.6 என்றால், அந்த 8-இல் 4.8 செ.மீ.தான் பிறப்பால் வந்தது என்று எதிர்பார்க்கலாம். குட்டிக்குத் தகப்பன் தருவது பாதி. ஆக, சராசரிப் பெண் குதிரைகளோடு சேர்த்தால் குட்டிகள் சராசரியாக 2.4 செ.மீ. கூடும்.

இப்போது நடை. மந்தையின் சராசரி மதிப்பெண் 7.5. நம் குதிரை 9.0 வாங்கியிருக்கிறது. ஊரே கைதட்டுகிறது. கூடுதல் 1.5. நடையின் மரபு விகிதம் 0.3 என்றால் பிறப்பால் வந்தது 0.45. குட்டிக்குப் போவது அதில் பாதி, அதாவது 0.225. ஒன்றரை மதிப்பெண் கூடுதலாக இருக்கிறது என்று பணத்தைக் கொட்டி வாங்கினால், கையில் வருவது கால் மதிப்பெண்கூட இல்லை.

இதைப் பார்த்து மனசு விட வேண்டாம். சிறு துளிதான், ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் அது மேல் மேலே சேரும். இந்தக் கணக்கு சொல்வது வேறு: விகிதம் குறைந்த பண்பில் விலங்கின் சொந்தத் திறமையை மட்டும் நம்பக்கூடாது. வேறு சாட்சி வேண்டும்.

உறவுக்காரர் சாட்சி

அந்தச் சாட்சி யார்? அண்ணன், தங்கை, அப்பன், பாட்டன், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகள்.

மரபு விகிதம் 0.3 உள்ள பண்பை எடுத்துக்குவோம். ஒரு விலங்கைச் சொந்தமாக ஒருமுறை அளந்தால் அதன் மரபைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நம்பகம் நூற்றுக்கு 30. அதை அளக்காமல், வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்த அதன் 5 குட்டிகளை அளந்தால் நம்பகம் 29. ஏறக்குறைய சமம். 10 குட்டிகளை அளந்தால் 45. 20 குட்டிகளை அளந்தால் 62. அதாவது 20 பிள்ளைகளின் சாட்சி, தகப்பனைப் பார்ப்பதைவிட இரண்டு மடங்கு உண்மை சொல்லும்.

மரபு விகிதம் 0.1 மட்டும் உள்ள பண்பு என்றால் வித்தியாசம் இன்னும் பெரிசு. சொந்த அளவு 10தான் சொல்லும். 20 பிள்ளைகள் 34 சொல்லும். காலின் நேர்மை போன்ற விஷயத்தில் பிள்ளைகளைப் பார்க்காமல் காளையைத் தேர்ந்தெடுப்பது இருட்டில் கை நீட்டுவது மாதிரி.

ஆனால் பிள்ளைகளைப் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அதை நம்ம ஊர்க் கணக்காகவே சொல்றேன். வாய்க்கால் பாசனம் உள்ள ஒரு ஊர், மானாவாரி ஊர் ஒன்று. வாய்க்கால் ஊரில் ஒரு வயசுக் கன்றின் சராசரி மார்புச் சுற்று 120 செ.மீ., மானாவாரி ஊரில் 110 என்று வைத்துக்கொள்வோம். முதல் காளைக்கு வாய்க்கால் ஊரில் 6 கன்றுகள், சராசரி 121. மானாவாரி ஊரில் 2, சராசரி 111. எட்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 118.5. இரண்டாவது காளைக்கு வாய்க்கால் ஊரில் 2 கன்றுகள், சராசரி 123. மானாவாரி ஊரில் 6, சராசரி 113. மொத்தச் சராசரி 115.5.

மொத்தச் சராசரியைப் பார்க்கிறவர் முதல் காளைதான் மேல் என்பார். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியே பாருங்க. முதல் காளையின் கன்றுகள் ஊர்ச் சராசரியைவிட 1 செ.மீ.தான் கூடுதல். இரண்டாவது காளையின் கன்றுகள் இரண்டு ஊரிலும் 3 செ.மீ. கூடுதல். நல்ல காளை இரண்டாவதுதான். முதல் காளைக்குக் கிடைத்தது வாய்க்கால் தண்ணீரின் பெருமை.

ஒரே காலத்தில், ஒரே பராமரிப்பில் வளர்ந்த கன்றுகளோடு மட்டும் ஒப்பிடு என்பதுதான் சூத்திரம். இந்த ஒப்பீட்டையும் உறவுக்காரர் சாட்சியையும் சேர்த்து, எல்லா விலங்குகளுக்கும் ஒரே நேரத்தில் கணக்குப் போடும் முறையை அமெரிக்காவில் சார்லஸ் ஹெண்டர்சன் என்பவர் கறவை மாடுகளுக்காக உருவாக்கினார். அதற்குப் பெயர் 'பிளப்'. 1980களில் ஐஸ்லாந்துக்காரர்கள் அதைக் குதிரைக்குக் கொண்டுவந்தார்கள். குட்டியின் வயசு, ஆணா பெண்ணா, எந்த வருஷம் எந்த நாட்டில் மதிப்பிடப்பட்டது என்ற வேறுபாடுகளைக் கழித்துவிட்டு, மீதியில் மரபு எவ்வளவு என்று அது சொல்லும். விடைக்கு இனவிருத்தி மதிப்பு என்று பெயர். 100 என்றால் நடுத்தரம். 110, 120 என்று போனால் மேல். 90 என்றால் கீழ். பக்கத்திலேயே அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று நூற்றுக்கு இத்தனை என இன்னோர் எண்ணும் இருக்கும். 2001இல் தொடங்கிய 'வேர்ல்டுஃபெங்குர்' என்ற பொதுப் பதிவேட்டில், பல நாடுகளில் உள்ள ஐஸ்லாந்துக் குதிரைகளின் வம்சாவளியும் மதிப்பெண்களும் இருக்கின்றன.

அந்த இரண்டாவது எண் எனக்கு மிகவும் பிடித்தது. 'இந்தக் காளை நல்ல காளை' என்று சொல்லும்போது, 'அதை நான் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்' என்பதையும் சேர்த்துச் சொல்வது நாணயமான பழக்கம்.

ஒரே ஒரு எழுத்து

2012இல் ஒரு புதுச் சேதி வந்தது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெய்ஃப் ஆண்டர்சன் குழுவினர், நாலு நடை ஐஸ்லாந்துக் குதிரைகளையும் ஐந்து நடைக் குதிரைகளையும் மரபணு அளவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த மரபணு முதுகுத்தண்டில் கால்களின் ஒருங்கிணைப்பைக் கவனிக்கும் நரம்புகளில் வேலை செய்வது. எழுத்து மாறியதால் அது உண்டாக்கும் புரதம் பாதியில் நின்றுபோகிறது. அதனால் கால்கள் வேறு ஒழுங்கில் இயங்க வழி பிறக்கிறது.

தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் இந்த மாற்றம் வந்தால்தான் பெரும்பாலும் ஸ்கெய்த் வரும். ஐந்து நடைக் குதிரைகளில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான் இருந்தன. ஒரு பக்கம் மட்டும் வந்த குதிரைகள் டோல்ட் நடக்கும், ஸ்கெய்த் பொதுவாக வராது. ஆனால் ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் அவை நன்றாக இருக்கும்.

இதைக் கேட்டவுடனே, "அப்போ ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் போதுமே, இந்த மதிப்பெண் எல்லாம் எதுக்கு?" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க. நாலு நடைக் குதிரைகளிலும் மூன்றில் ஒரு பங்குபோல இரண்டு பக்கமும் மாற்றம் உள்ளவைதான். மரபணு இருந்தும் ஐந்தாவது நடை வரவில்லை. ஆக அந்த எழுத்து கதவைத் திறந்துவிடும். உள்ளே போய் நன்றாக நடப்பதற்கு உடல் பொருத்தம், மூட்டு, மனசு, பழக்கம் எல்லாம் வேண்டும். அவற்றை நிர்ணயிப்பது ஆயிரம் சின்னச் சின்ன மரபணுக்கள். அதற்கு இன்னும் பிள்ளைகளின் சாட்சிதான் வழி.

இன்னொன்றும் கவனியுங்க. ஸ்கெய்த் வேண்டும் என்று எல்லோரும் ஒரே பக்கம் தேர்ந்தெடுத்தால், நல்ல ஓட்டமும் பாய்ச்சலும் தரும் பழைய வடிவம் மந்தையிலிருந்து மெல்ல மறையும். ஒன்றைக் கூட்டும்போது எதைக் குறைக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய மூன்று ஆபத்துகள்

முதல் ஆபத்து, பேர் வாங்கிய ஒரே ஆணை எல்லோரும் நாடுவது. தகப்பனை மகளோடு சேர்த்தால் பிறக்கும் கன்றின் உள்ளினக் கலப்பு அளவு 25 சதவீதம். ஒரே தகப்பன், வெவ்வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் தங்கை சேர்ந்தால் 12.5 சதவீதம். சினை நிற்காமை, நோஞ்சான் கன்று, மறைந்திருந்த குறை வெளியே வருவது எல்லாம் இந்த வழியில் வரும். ஐஸ்லாந்து மாதிரி கதவை மூடிவைத்த இனத்துக்கு இது பெரிய கவலை. கை எண்ணிக்கையில் காளைகள் மிஞ்சியிருக்கும் நம் இனங்களுக்கும் அதே கவலைதான்.

இரண்டாவது, வெளியே தெரியாத நோவு. ஐஸ்லாந்துக் குதிரைகளில் பின்னங்கால் நடுமூட்டு தேய்ந்து எலும்பு வளரும் நோய் உண்டு. அதில் மரபுக்கும் பங்கு இருக்கிறது. இளம் வயசில் அருமையாக நடக்கும் குதிரை பிறகு நொண்டும். மதிப்பெண் வாங்கும் நாளில் அது தெரியாது. அதனால் பொலிக்குதிரைகளின் அந்த மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பதிவு செய்கிறார்கள். கொண்டாட்ட நாளின் நடையை மட்டும் நம்பாமல், எத்தனை வருஷம் நடந்தது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இடம். ஐஸ்லாந்தில் பிறந்து ஐரோப்பிய நாடுகளுக்குப் போன குதிரைகளுக்கு அங்குள்ள பூச்சிக்கடியால் கோடையில் கடுமையான தோல் அரிப்பு வருகிறது. அதே இனம், அந்த நாடுகளிலேயே பிறந்து வளர்ந்தால் தொல்லை குறைவு. இனம் ஒன்றுதான், இடம் வேறு. எந்த மண்ணில் வேலை செய்யப் போகிறதோ அந்த மண்ணில் அளந்த மதிப்பெண்ணுக்குத்தான் மதிப்பு.

நம் கட்டுத்தறிக்கு

நம்மிடம் உள்ள இனங்களே நடையால் பிரிந்தவைதான். காங்கயம் பார வண்டிக்கு. பர்கூர் மலைப்பாதைக்கும் வேகத்துக்கும். உம்பளாச்சேரி டெல்டாவின் சேற்றுழவுக்கு. இந்த நடையெல்லாம் யாரோ நூற்றுக்கணக்கான வருஷம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதால் வந்தது. பொறுக்குவதை நிறுத்தினால் தானாகவே கலைந்துபோகும். வேலைக்குப் பூட்டாமல் மேனி அழகையும் கொம்பையும் மட்டும் பார்த்துக் காளை விட்டால், பத்துப் பதினைந்து வருஷத்தில் பெயர் மட்டும் காங்கயமாக இருக்கும், கால் காங்கயமாக இருக்காது. நான் இந்தப் பாடத்தை எழுதுவதே இதற்காகத்தான்.

கணினியும் ஆய்வகமும் இல்லாமல் நாலைந்து ஊர் உழவர்கள் சேர்ந்து செய்யக்கூடியதைச் சொல்றேன்.

ஒன்று: நோட்டு. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வரி. பிறந்த தேதி, தாய், தகப்பன், எந்த ஊர், எந்தக் கட்டுத்தறி. தகப்பன் யாரென்று சந்தேகம் இருந்தால் 'தெரியாது' என்று எழுதுங்க. தப்பாக எழுதுவதைவிட அது மேல்.

இரண்டு: ஒரு வயசில் டேப் வைத்து மூன்று அளவு. திமிலுக்குப் பின்னால் உயரம், தோள் முனையிலிருந்து பின் எலும்பு வரை நீளம், முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்று.

மூன்று: நுகம் பழகிய பிறகு நடை மதிப்பெண், 5 முதல் 10 வரை. சமதரையில் நடக்கவிட்டு முன்னிருந்தும் பின்னிருந்தும் பாருங்க. கால் நேராகப் போகிறதா, வெளியே வீசுகிறதா, பின்மூட்டுகள் இடிக்கின்றனவா? பிறகு ஈர மணலில் நடத்துங்க. முன்குளம்பு பதிந்த இடத்திலேயே பின்குளம்பு விழுகிறதா, எவ்வளவு பின்தங்குகிறது என்று டேப்பால் அளக்கலாம். கடைசியாகப் பாரம் ஏற்றி ஒரே தூரம் இழுக்கவிட்டு, மூச்சு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பாருங்க. குளம்பு ஒட்டியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா, ஒரே சீராகத் தேய்கிறதா என்பதற்குத் தனி மதிப்பெண்.

நான்கு: இரண்டு பேர் தனித்தனியாக, ஒருத்தருக்கொருத்தர் காட்டாமல் மதிப்பெண் போடணும். இரண்டும் அதிகமாக முரண்பட்டால் மறுநாள் திரும்பப் பார்க்கணும். காளைக்குச் சொந்தக்காரர் தன் காளையின் கன்றுக்கு மதிப்பெண் போடக்கூடாது.

ஐந்து: ஒவ்வொரு கன்றையும் அதே ஊரில் அதே பருவத்தில் பிறந்த மற்ற கன்றுகளின் சராசரியோடு கழித்துப் பாருங்க. கூட்டல், கழித்தல் எதுவோ அதை எழுதுங்க. பிறகு ஒவ்வொரு தகப்பனுக்கும் அந்த எண்களின் சராசரி. பக்கத்தில் எத்தனை கன்றுகளிலிருந்து வந்தது என்றும் எழுதுங்க. 5 கன்று என்றால் தகப்பனையே பார்த்த மாதிரி. 20 கன்று ஆனால் நம்பிப் பேசலாம்.

ஆறு: ஒரே காளையை நம்பாமல் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று காளைகளை, வெவ்வேறு வம்சத்திலிருந்து வைத்துக்கொள்ளுங்க. மகள்கள் பருவத்துக்கு வருவதற்குள், அதாவது இரண்டரை மூன்று வருஷத்துக்குள், காளைகளை ஊர் மாற்றுங்க. கணக்கு வந்து சேரும்போது நல்ல காளைக்கு வயசாகியிருக்கும். பரவாயில்லை. அதன் மகன்களில் நல்லதை, நல்ல தாய்க்குப் பிறந்ததை அடுத்த காளையாக எடுக்கலாம்.

"சுழி பார்க்கறது தப்பாங்க?" என்று பயிற்சிகளில் பெரியவர்கள் கேட்பதுண்டு. பார்க்கிறவங்க பார்க்கட்டும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலும் அந்தியூர்க் குதிரைச் சந்தையிலும் சுழிக்கு விலை உண்டு. அதை நான் மாற்ற முடியாது. ஆனால் நல்ல நடையும் கெட்டிக் குளம்பும் உள்ள ஒரு காளையைச் சுழிக்காகக் கழித்துவிட்டு, நடை தெரியாத காளையை ஊருக்கு விட்டால், அந்த நட்டம் வாங்கினவருக்கு மட்டும் இல்லை. சுற்றுவட்டத்தில் அடுத்த மூணு வருஷம் பிறக்கப்போகிற கன்றுகளுக்கும் அவற்றை ஓட்டப்போகிறவர்களுக்கும்தான். சுழியோடு நோட்டையும் பாருங்க என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் குழுவில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டுதான் வைத்திருக்கிறோம். தாய், தகப்பன், மூணு அளவு, நடை மதிப்பெண். இந்த ஆவணியிலிருந்து பிறக்கும் கன்றுகளுக்கு நீங்களும் எழுதத் தொடங்கலாம். நாலு வருஷம் கழித்து எந்தக் காளையை விடலாம் என்ற பேச்சு வரும்போது, நடுவில் அந்த நோட்டைப் பிரித்து வைங்க.